உணவு விரயம்: எந்த வீட்டில், எதனால்?

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கை, இந்திய வீடுகளில் ஆளொருவருக்கு ஆண்டுக்கு 55 கிலோ உணவு வீணாவதாக மதிப்பிடுகிறது. இந்த எண்ணைக் காட்டி இல்லத்தரசிகளுக்கு உபதேசம் செய்வோர், காய்கறித் தோலும் எலும்பும்கூட இதில் அடக்கம் என்பதைச் சொல்வதில்லை. தவிரவும் இது சராசரி. குருகிராமின் அடுக்குமாடி வீட்டையும் சூரத் விசைத்தறித் தொழிலாளர்கள் ஷிப்டு முறையில் பகிர்ந்து உறங்கும் அறையையும் ஒன்றாகக் கூட்டி வகுத்த சராசரி.

தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019-21) ஏறத்தாழ பத்தில் ஆறு குடும்பங்களிடம் குளிர்பதனப் பெட்டி இல்லை. கோடையில் அவ்வீடுகளில் காலையில் சமைத்த பருப்பு இரவுக்குள் ஊசிப்போகிறது. ‘அளவாகச் சமையுங்கள்’ என்று அவர்களிடம் போய்ச் சொல்வது கேலிக்கூத்து. தடையற்ற மின்சாரம், ரேஷன் தானியத்தை மாதம் இருமுறை பிரித்து வாங்கும் வசதி, புலம்பெயர் தொழிலாளர் வாழும் பகுதிகளில் கேரளத்தின் ஜனகீய ஹோட்டல்கள் போன்ற மலிவு உணவகங்கள் ஆகியனவே அங்கு பயன்தரும். வசதி படைத்தோர் வீடுகளிலோ, ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ என்று தேவைக்கு மேல் தலையில் கட்டும் சில்லறை வணிகப் பெருநிறுவனங்களைக் கட்டுப்படுத்தாமல் எதுவும் குறையாது.

குப்பைத்தொட்டியை எடைபோடும் கணக்கில் வராத ஒன்றும் உண்டு. எல்லோரும் உண்டபின் மிஞ்சியதை உண்பவள் பெண். மிஞ்சினால் நேற்றைய குழம்பு, இல்லையேல் அரை வயிறு. தொட்டி காலியாக இருக்கிறதே என்று மெச்சுவோர், அது எப்படிக் காலியானது என்று கேட்பதில்லை. 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருப்பதாக அதே ஆய்வு கூறுகிறது. 2019ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடங்கள் செலவிடுகின்றனர். ஆண்கள் 97 நிமிடங்கள். மிச்சத்தை எடைபோட்டு எழுது, வாரப் பட்டியல் தயாரி, உரக்குழி பராமரி என்று வகுக்கப்படும் திட்டங்கள் எல்லாம் அந்த 299 நிமிடங்களின் மீதுதான் ஏறும்.

ஆகவே இத்தகைய திட்டம் தீட்டும் மாநகராட்சிகள், முதலில் குடிசைப் பகுதிகளின் உழைக்கும் பெண்களை அழைத்துப் பேச வேண்டும். திட்டத்தின் பலனை அளக்கும்போது தொட்டியின் எடையோடு, அந்த வீட்டில் கடைசியாக உண்டவர் வயிறார உண்டாரா என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.