மரண உதவிச் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம்

கண்டி மஹய்யாவ அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும், மரண உதவிச் சங்கத்துப் பெரியவர்களுக்கும்,

நம் லயங்களில் இருந்தும் வயதானவர்களை முதியோர் இல்லத்தில் விடத் தொடங்கிவிட்டார்கள் என்று கேள்விப்படுகிறேன். விட்டவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. பிள்ளைகள் கொழும்பிலும் கட்டாரிலும் கனடாவிலும் கிடக்கிறோம். ஒரு கட்டில் போட்டால் நடக்க இடமில்லாத வீடு. பாரிசவாதம் வந்து விழுந்த அம்மாவைத் தூக்கி இருத்த ஆளில்லை. விட்ட பிறகு என்ன செய்கிறோம் என்பதுதான் என் கவலை.

கனடாவின் ஸ்காபரோவில் நான் வேலை செய்வதும் அப்படி ஒரு இல்லத்தில்தான். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, பேம்பர்ஸ் மாற்றுவது, புரட்டிப் படுக்க வைப்பது என் வேலை. உறவுக்காரர் அடிக்கடி வந்துபோகிறவருக்கு நல்ல கவனிப்புக் கிடைக்கிறது. ஆளே வராதவர் மெல்ல மெல்லப் பின்னுக்குப் போய்விடுகிறார். வேலை செய்கிற பிள்ளைகள் கெட்டவர்கள் என்று சொல்லமாட்டேன். ஒருத்தி காலையில் பத்துப் பேரை எழுப்பி உடுத்திவிட வேண்டுமென்றால், கேட்க ஆள் இருக்கிறவரிடம்தான் முதலில் போவாள்.

கொரோனாக் காலத்தில் எங்கள் ஒன்டாரியோ மாகாணம் முழுக்க இது தெரிய வந்தது. 2020 மார்ச்சில் குடும்பத்தினரை வெளியே நிறுத்திக் கதவை மூடினார்கள். நோய் உள்ளே வந்துவிடும் என்ற பயம் நியாயமானது. ஆனால் மத்தியானச் சாப்பாட்டை ஊட்டிவிட்டுப் போகும் மகள்மாரும் அதோடு நின்றுபோனார்கள். பணியாளர்களும் நோயில் விழ, இராணுவத்தைக் கூப்பிட வேண்டி வந்தது. ஐந்து இல்லங்களில் வேலை செய்த படையினரின் அறிக்கை மே 26ஆம் திகதி வெளியானது. அவற்றில் ஒன்று ஸ்காபரோவில் இருப்பது. கரப்பான் பூச்சிகள், கவனிக்காத படுக்கைப்புண்கள், மூச்சுத் திணறும்படி வலுக்கட்டாயமாக ஊட்டியது, இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் கூப்பிட்டும் யாரும் வராதது எல்லாம் அதில் இருந்தன.

இங்கே சட்டம் இருந்தது, பரிசோதகர்களும் இருந்தார்கள். ஆனாலும் 2019இல் 626 இல்லங்களில் வெறும் 9 இல்லங்களில்தான் முழுமையான பரிசோதனை நடந்தது என்று கனடாவின் சி.பி.சி. ஒலிபரப்பு நிறுவனச் செய்தியாளர்கள் வெளிக்கொண்டு வந்தார்கள். இலங்கையிலும் சட்டம் இருக்கிறது: 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம். முதியோரைப் பராமரிக்கும் இல்லங்கள் பதிவு செய்திருக்க வேண்டும். முதலில் அந்தப் பதிவைக் கேளுங்கள். கங்கவட்ட கோறளைப் பிரதேச செயலகத்தில் முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரைக் கண்டு பேசுங்கள். ஆனால் அந்தப் பத்திரத்தோடு நிம்மதியாகிவிடாதீர்கள். உள்ளே போய்ப் பாருங்கள்.

போனால் சுவரின் பெயின்டையும் பூந்தோட்டத்தையும் பார்த்துவிட்டு வர வேண்டாம். போர்வையை விலக்கிக் குதிகாலையும் முதுகின் அடிப்பகுதியையும் பாருங்கள். படுக்கைப்புண் முதலில் சிவக்கும் என்பார்கள். நம் நிறத்தில் சிவப்பு எளிதில் தெரியாது. கையை வைத்துப் பாருங்கள். சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ கட்டியாகவோ கறுத்தோ இருந்தால், அந்த ஆளைச் சரியாகப் புரட்டிவிடவில்லையோ என்று சந்தேகப்படுங்கள். தானாகத் திரும்ப முடியாதவரை ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் புரட்ட வேண்டும். தண்ணீர்க் கோப்பை அவர் கைக்கு எட்டுகிறதா? படுத்த நிலையிலா ஊட்டுகிறார்கள்? சோறு நுரையீரலுக்குள் போய்ச் சளிக்காய்ச்சல் வந்து இறந்தவர்கள் ஏராளம். போன கிழமை நன்றாகப் பேசியவர் இன்று பிதற்றினால் வயசாகிவிட்டது என்று விடாதீர்கள்; சிறுநீர்த் தொற்றாகவோ தண்ணீர் குடிக்காததாகவோ இருக்கலாம், வைத்தியரைக் கேளுங்கள். எப்போது போனாலும் தூங்குகிறாரா? என்ன குளிசை கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். இரவில் எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். விழுவதும் இடுப்பெலும்பு உடைவதும் பல சமயம் தனியாக ஒண்ணுக்குப் போக எழும்பும்போதுதான்.

இன்னொன்று நம் ஆட்களுக்கே உரியது. மஹய்யாவப் பெரியவர்கள் சிங்களம் நன்றாகப் பேசுவார்கள். மறதி நோய் வந்தால் பலருக்குப் பின்னாளில் படித்த மொழிதான் முதலில் போகும். தாத்தா "நோவுது" என்று தமிழில் கத்துவார். தமிழ் தெரியாத பணிப்பெண்ணுக்கு அது வெறும் கூச்சல். அவர் வழக்கமாகச் சொல்லும் இருபது சொற்களைச் சிங்கள எழுத்தில் பொருளோடு எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டி வையுங்கள்.

வெள்ளைக்காரன் காலத்தில் தமிழ்நாட்டில் இருந்து கொண்டுவரப்பட்டுக் கண்டியைத் தலைமுறை தலைமுறையாகச் சுத்தம் செய்தவர்களின் பிள்ளைகள் நாம். பெரஹெர ஊர்வலம் முடிந்த விடியலில் தெருவைக் கூட்டியவர்கள் நம் அப்பாயிமார். ஊரின் அழுக்கையெல்லாம் அள்ளியவர் கடைசிக் காலத்தில் நனைந்த பேம்பர்ஸோடு கிடக்கிறார் என்றால் எனக்குத் தாங்க முடியவில்லை.

அதனால்தான் சங்கத்துக்கு எழுதுகிறேன். ஒருவர் இறந்தால் கூடாரம், கதிரை, பெட்டி, தேத்தண்ணி என்று யாரும் சொல்லாமலே நீங்கள் ஓடி வருகிறீர்கள். அந்த ஆட்களே உயிரோடு இருப்பவரையும் பார்க்கலாம். இல்லங்களில் இருக்கும் நம்மவர்களின் பட்டியலை எடுங்கள். மாதம் இருமுறை இரண்டு பேர் போகட்டும். ஒருவர் கட்டாயம் பெண்ணாக இருக்கட்டும், அப்போதுதான் அப்பாயிமாரின் முதுகைப் பார்க்கலாம். பிள்ளை இல்லாதவரை முதலில் பாருங்கள். சொல்லிவிட்டுப் போகாதீர்கள், சாப்பாட்டு நேரத்தில் போங்கள். கண்டதைத் திகதி போட்டுக் கொப்பியில் எழுதி வையுங்கள். பணிப்பெண்களோடு சண்டைக்குப் போக வேண்டாம், அவர்கள் பாடும் கஷ்டம்தான். உள்ளே விடமாட்டோம் என்றால் அதையும் எழுதி உத்தியோகத்தரிடம் கொடுங்கள்.

த்ரீவீல் காசும் பேம்பர்ஸ் செலவும் இங்கே இருக்கும் எங்கள் பொறுப்பு. அடுத்த கூட்டத்தில் பட்டியலை எடுத்து எனக்கு அனுப்புங்கள்; முதல் மாதக் காசை அன்றே போடுகிறேன்.

உங்கள் தங்கை,
ஸ்காபரோ, கனடா