பையைத் திறக்கும் அதிகாரம்

எலுவன்குளத்து மக்களுக்கு வாயிற்காவல் என்பது புதுமையன்று. வில்பத்து வனத்தின் வாயில்களுள் ஒன்று இவ்வூரிலேயே அமைந்திருப்பதால், உள்ளே செல்ல விரும்புவோரை அரசாங்க உத்தியோகத்தர் நிறுத்தி விசாரிப்பதை அவர்கள் நெடுங்காலமாகக் கண்டு வந்திருக்கிறார்கள். ஆனால், இவ்வூரிலும் இதனைச் சூழ்ந்த புத்தளத்துக் கிராமங்களிலும் இருந்து வளைகுடா நாடுகளுக்கு ஊழியத்தின் பொருட்டுப் புறப்படும் பெண்கள், சிலாபமும் நீர்கொழும்பும் கடந்து கட்டுநாயக்கா விமான நிலையத்தை அடைந்து, தங்கள் உடைமைகளையும் உடலையும் அந்நியர் ஒருவரின் பரிசோதனைக்கு ஒப்புவிக்கும் சந்தர்ப்பம் வேறு தன்மையது. அங்கே கை நீட்டுகிறவர் அரசாங்கத்தின் ஊழியராய் இருக்க வேண்டுமா, அல்லது ஒப்பந்தம் பெற்ற கம்பெனியொன்றின் ஆளாய் இருந்தாலும் போதுமா என்ற விவாதம் உலகமெங்கும் நிகழ்ந்து வருகிறது. கருவாட்டுப் பொட்டலத்தை எவர் பிரித்தாலும் வாசனை ஒன்றுதானே என்று நண்பர் ஒருவர் வேடிக்கையாகக் கேட்டார். அந்த வேடிக்கையில் எனக்கு உடன்பாடில்லை.

பரிசோதனையின் அவசியத்தைப் பற்றி நமக்கு எவரும் உபதேசிக்க வேண்டியதில்லை. 1986 மே 3ஆம் தேதி, மாலைதீவுக்குப் புறப்படவிருந்த எயார் லங்கா விமானம் கட்டுநாயக்காவில் தரையில் நின்றபோதே குண்டு வெடித்து 21 பேர் மாண்டனர். 2001 ஜூலையில் அதே நிலையம் தாக்கப்பட்டு விமானங்கள் எரிந்தன. ஆகவே வினா, சோதனை வேண்டுமா என்பதன்று. அதைச் செய்பவர் எவருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதே.

அமெரிக்காவில் 2001 செப்டெம்பர் வரையில் விமானக் கம்பெனிகளே இப்பணியைக் குறைந்த கேள்விக்கு முன்வந்த ஒப்பந்தக்காரரிடம் விட்டிருந்தன. விமான நிலையத்துச் சிற்றுண்டிக் கடையில் கிடைத்த கூலியிலும் குறைவான கூலியே சோதனையாளருக்குக் கிடைத்ததால், பெரிய நிலையங்கள் 19இல் ஓராண்டுக்குள் பணிக்குழுவினர் 126 சதவீதம் மாறினர் என்று அந்நாட்டுக் கணக்காய்வு அலுவலகம் 2000ஆம் ஆண்டில் எழுதி வைத்தது. அதாவது, தொழிலைக் கற்றுத் தேறுமுன்னரே ஆள் போய்விடுகிறார். அந்தச் செப்டெம்பர் அனர்த்தம் நேர்ந்த பின்னரே அந்தப் பணி அரசாங்கத்தின் கைக்கு வந்தது. அரசாங்கமும் உத்தம எஜமானன் என்று சொல்வதற்கில்லை: 2018 டிசம்பரில் தொடங்கிய வரவு செலவுத் தகராற்றில் அதே சோதனையாளர்கள் 35 நாட்கள் சம்பளமின்றி வேலை செய்தார்கள். இந்தியாவிலும், காந்தஹார் விமானக் கடத்தலுக்குப் பின் மத்திய தொழிற் பாதுகாப்புப் படையிடம் ஒப்படைக்கப்பட்ட பணிகளில் வரிசையை ஒழுங்குபடுத்துவது போன்ற சிலவற்றைத் தனியார் காவலருக்கு மாற்றியிருக்கிறார்கள். வரிசையை ஒழுங்குபடுத்துவதில் எனக்கு ஆட்சேபமில்லை; பையைத் திறப்பதில்தான் ஆட்சேபம்.

காரணம் நமது அரசியலமைப்பிலேயே இருக்கிறது. அடிப்படை உரிமை மீறப்பட்ட பிரஜை, 126ஆம் உறுப்புரையின் கீழ் நேரே உயர் நீதிமன்றத்தை நாடலாம். ஆயினும் அந்த மனு ஆட்சித்துறையின் அல்லது நிருவாகத்துறையின் செயலுக்கு எதிராக மட்டுமே செல்லும். மொழியினாலோ இனத்தினாலோ மதத்தினாலோ ஒருத்தியை மட்டும் வரிசையிலிருந்து விலக்கி நிறுத்தியவர் சீருடை அணிந்த அரச ஊழியராயின் இந்தக் கதவு அவளுக்குத் திறந்திருக்கிறது. கம்பெனியின் ஆளாயின், அந்தக் கம்பெனியின் பின்னால் அரசாங்கமே நிற்கிறது என்பதை அவள் முதலில் நிரூபித்தாக வேண்டும். நிரூபிக்க இயலாதா என்று வழக்கறிஞர் கேட்பார். இயலும், ஆனால் மனுவுக்குரிய தவணை ஒரே மாதம், அந்த மாதத்தில் அவளோ குவைத்தில் எவர் வீட்டுச் சமையலறையிலோ நின்றுகொண்டிருப்பாள். இப்போதே எட்டாத உயரத்தில் இருக்கும் பரிகாரத்தை இன்னும் ஒரு முழம் உயர்த்துவது நியாயமாகுமா?

அரசாங்கத்தின் கை மென்மையானது என்று நான் வாதிடவில்லை. யுத்த காலத்துச் சாவடிகளில் தமிழ் பேசியவர்கள் அனுபவித்தது எனக்கும் தெரியும். 2007 ஜூன் 7ஆம் தேதி விடியலில், கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த 300க்கும் மேற்பட்ட தமிழரைப் பொலிஸார் பேருந்துகளில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினர். மறுநாளே, மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த அடிப்படை உரிமை மனுவின் மேல் உயர் நீதிமன்றம் அச்செயலுக்குத் தடை விதித்தது. ஏற்றியவர்கள் பொலிஸார் என்பதனால்தான் ஒரே நாளில் அது சாத்தியமாயிற்று.

சிக்கனத்தைக் காட்டி, கட்டுநாயக்காவிலும் இப்பணியைக் கேள்விப்பத்திரத்துக்கு விடலாம் என்று எவரேனும் யோசனை கூறுவாராயின், 2024இன் வீசா விவகாரத்தை அவர் ஒருமுறை நினைவுகூர வேண்டும். ஏப்ரலில் வெளிநாட்டுக் கம்பெனிகளின் கூட்டிடம் ஒப்படைக்கப்பட்ட இணையவழி வீசாப் பணியை ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் இடைநிறுத்தியது. அந்தக் கட்டளை நிறைவேற்றப்படவில்லை என்று கண்டு, செப்டெம்பரில் ஒருவரை விளக்கமறியலுக்கும் அனுப்பியது. சிறைக்குப் போனவர் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் கட்டுப்பாட்டாளர் நாயகம். கம்பெனிகளின் முகாமையாளர் எவரும் அல்லர்.