கிதார் தமிழ் பேசுமா?

கச்சேரி மேடையில் மோர்சிங் வாசிக்கும் வித்துவானை நேயர்கள் பலரும் கவனித்திருப்பீர்கள். பல்லிடையே பிடித்த சிறிய இரும்புக் கருவியின் நாவை விரலால் மீட்டுகிறார். அந்நாவுக்குச் சுருதி ஒன்றுதான். ஆயினும் மிருதங்கம் சொல்லும் சொற்கட்டுகளையெல்லாம் அது திருப்பிச் சொல்லுகின்றது. சொல்லுவது இரும்பா? அன்று. வித்துவானின் வாய்க்குழியும் நாக்கும் மூச்சுமே சொல்லுகின்றன. இவ்வுண்மையை மனத்தில் இருத்திக்கொண்டால், நம் இளைஞரிடையே இப்பொழுது பேச்சாக உள்ள ‘டாக் பாக்ஸ்’ என்னும் பெட்டி விளங்காப் புதிராக இராது.

கோயில் கொடைகளில் மரத்தின் உச்சியில் கட்டும் கூம்புக் குழாய் ஒலிபெருக்கி நம் எல்லோருக்கும் பழக்கமானது. அதன் அடியில் ‘யூனிட்’ என்று சொல்லப்படும் உறுப்பு ஒன்று உண்டு. மெய்யாகவே ஓசை பிறப்பது அங்கேதான். கூம்பு அதனைப் பரப்புகின்றது. அக்கூம்பைக் கழற்றிவிட்டு, ஒரு பிளாஸ்டிக் குழாயைப் பொருத்தி, அதன் மறு நுனியை வாயில் வைத்துக்கொண்டால் அதுவே டாக் பாக்ஸ். கிதாரின் ஓசை வாய்க்குள் வந்து சேருகின்றது. வாசிப்பவர் குரல் எழுப்பாமல் வாயை மட்டும் அசைக்கின்றார். எதிரே உள்ள மைக் அதனை வாங்கிச் சபைக்குத் தருகின்றது.

இக்கலை நேற்று முளைத்ததன்று. அமெரிக்காவில் 1939 ஆம் ஆண்டளவிலேயே ஆல்வினோ ரே என்பவர், தொண்டையில் வைக்கும் மைக்கைத் தலைகீழாகப் பயன்படுத்தித் தம் ஸ்டீல் கிதாரைப் பேசச் செய்தார். வாயில் குழாய் வைத்து வாசித்த பீட் டிரேக்கின் இசைத்தட்டு 1964 இல் புகழ் பெற்றது. பெரிய மேடைக்கு ஏற்ற வலிய பெட்டியை பாப் ஹைல் என்பவர் 1973 இல் அமைத்தார். 1976 இல் பீட்டர் பிராம்ப்டனின் இசைத்தட்டு வழியே உலகெங்கும் இவ்வோசை பரவியது.

ஆனால் இதன் தத்துவத்தை அறிய நாம் அமெரிக்கா செல்ல வேண்டியதில்லை. தொல்காப்பியத்தின் பிறப்பியல் கூறுவது என்ன? உந்தியில் எழும் காற்று, தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நிலைபெற்று, பல்லும் இதழும் நாவும் மூக்கும் அண்ணமும் தொழிற்படுவதால் வெவ்வேறு எழுத்தாகின்றது. வாயைத் திறக்க அகரம்; நாவின் விளிம்பு மேற்பல்லைப் பொருந்த இகரம்; இதழ் குவிய உகரம். மிடற்று ஓசைக்குப் பதிலாகக் கிதாரின் ஓசையைக் கொடுத்தாலும் இவ்விலக்கணம் மாறுவதில்லை. ‘அம்மா’ என்னும் சொல்லே தொடக்கப் பயிற்சிக்கு உகந்தது. வாய் திறந்து, இதழ் மூடி, மீண்டும் திறந்தால் போதும். கிதார் அன்னையை அழைத்துவிடும்.

இனி அமைக்கும் முறையைக் காண்போம். கிதாரின் கம்பி ஆம்ப்ளிபையருக்குச் செல்ல வேண்டும். ஆம்ப்ளிபையரின் ஸ்பீக்கர் முனையிலிருந்து பெட்டிக்கு வர வேண்டும். இதற்குத் தடித்த ஸ்பீக்கர் ஒயரே ஏற்றது; கிதாருக்குரிய மெல்லிய ஒயர் ஆகாது. பெட்டி 8 ஓம் ஆனால் அதற்குரிய 8 ஓம் முனையிலேயே சேர்த்தல் வேண்டும். யூனிட் தாங்கும் வாட் அளவை மீறிய ஆம்ப்ளிபையரைக் கூட்டினால் யூனிட் கருகிவிடும். வால்வு ஆம்ப்ளிபையராயின், ஸ்பீக்கரோ பெட்டியோ சேர்க்காமல் இயக்கவே கூடாது. அதன் டிரான்ஸ்பார்மர் கெட்டுவிடும்.

கனத்த கீழ் ஓசையைக் குறைத்து, மேல் ஓசையைச் சற்றுக் கூட்ட வேண்டும். ஓசையில் சிறிது கரகரப்பு இருப்பது நலம். தூய, மெல்லிய ஓசையில் வாய் செதுக்குவதற்குப் பொருள் குறைவு; கரகரத்த ஓசையிலே எழுத்துகள் தெளிவாக எழும். குழாயை மைக் தாங்கியோடு சேர்த்துக் கட்டி, நுனி மைக்கைத் தாண்டி மூன்று நான்கு அங்குலம் நீளுமாறு விட்டு, கடைவாயில் வைத்துக்கொள்க. ஓசையைச் சுழியிலிருந்து படிப்படியாகவே உயர்த்துக. இல்லையேல் பற்கள் அதிரும். ஒருவர் குழாயை மற்றொருவர் வாயில் வைக்கலாகாது.

இவை யாவினும் மேலானது ஒன்று உண்டு. இவ்வாத்தியத்தை வாசிப்பவரின் விரல்கள் கிதாரின் உலோகத் தந்தியிலும், இதழ்கள் மைக்கின் உலோக வலையருகிலும் இருக்கின்றன. இரண்டும் வெவ்வேறு இடத்திலிருந்து மின்சாரம் பெற்று, அவற்றுள் ஒன்றற்கு எர்த் இல்லையாயின், 230 வோல்ட் அவ்விளைஞரின் உடல் வழியே பாயக்கூடும். இது வெறும் அச்சமன்று. 1972 இல் வேல்ஸ் நாட்டு ஸ்வான்சி நகர மேடையில், எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்ட லெஸ்லி ஹார்வி என்னும் கிதார் கலைஞர் அங்கேயே உயிர் நீத்தார். நம் பந்தல்களிலோ, இரண்டு முள் பிளக்கும், தீக்குச்சி செருகிய ஒயரும், மழை ஈரமும் இன்றும் காணப்படுகின்றனவே!

நமக்குத் தெரிந்த கல்லூரி மாணவர் ஒருவர், தாராவியைச் சேர்ந்தவர், சங்க விழாவில் இதனை வாசிக்க விரும்பிச் செயற்குழுவை அணுகினார். “பேசத்தான் நமக்கு வாய் இருக்கிறதே தம்பி, கிதார் வேறு பேச வேண்டுமா?” என்று பெரியவர் ஒருவர் கேட்க, குழுவினர் நகைத்தனர். “ஐயா, என் வாயால்தானே அது பேசும்?” என்று பணிவுடன் சொல்லிவிட்டு அவர் அமர்ந்தார். அவ்விடை நகைப்பிற்குரியதன்று. தாராவி இளைஞர் குழுவான ‘டோப்அடெலிக்ஸ்’ 2018 இல் ‘காலா’ திரைப்படத்திலேயே பாடியதை நாம் பெருமையாகப் பேசுகின்றோம். வெளியார் மேடை தந்தபின் பெருமை கொள்வதும், நம் மேடையில் இடம் கேட்கும்போது நகைப்பதும் முறையாகுமா?

மற்றொரு பயனும் உண்டு. இந்நகரில் பிறந்த நம் குழந்தைகள் பலர் ‘தமிழ்’ என்பதைத் ‘தமிள்’ என்கின்றனர். மராத்தியில் ளகரம் உண்டு, ழகரம் இல்லை. தெருவிலும் பள்ளியிலும் கேட்பதே நாவில் படிகின்றது. ‘சரியாகச் சொல்’ என்று நாம் அதட்டுவதால் பயனில்லை. இக்குழாயிலோ குரல் உதவாது. நா வளைவது ஒன்றே எழுத்தைத் தரும். நுனிநா மேல்நோக்கி வளைந்து அண்ணத்தை வருடினாலன்றிக் கிதார் ழகரம் சொல்லாது. விளையாட்டாக முயலும் சிறுவன் தன் நாவின் நிலையைத் தானே உணர்வான். இலக்கண ஆசிரியர் செய்ய விழைவதும் இதுதானே?

ஆகவே சங்கத்தாருக்கு நம் வேண்டுகோள் இது: இளைஞருக்கு இடம் கொடுங்கள். ஆனால் மேடையிலுள்ள கருவிகள் அனைத்தும் எர்த் உள்ள மூன்று முள் பிளக்குடன், ஒரே பலகையிலிருந்து மின்சாரம் பெறட்டும். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே அறுத்துவிடும் காப்புச் சாதனத்தை உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு பொருத்துங்கள். நிகழ்ச்சிக்கு முன் அவரே மைக்கையும் தந்தியையும் சோதிக்கட்டும். டெஸ்டர் சிறிதேனும் ஒளிர்ந்தால், எவரையும் மேடையேற்றாதீர்கள். ஒளிராவிடினும் எர்த்தை அளந்து பார்க்காமல் விடாதீர்கள். பூமாலைக்கும் பொன்னாடைக்கும் செலவிடுவதில் ஒரு பகுதியே இதற்குப் போதும்.