இலவசத் தூண்டிலும் பதின்மூன்று மாத வருஷமும்

திருத்தணி மலைக்குப் படிகள் 365. வருஷத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படி என்பது ஊர்க்கணக்கு. ஆனால் செல்போன் முதலாளியின் பஞ்சாங்கமே வேறு! அவருக்கு மாதம் என்றால் 28 நாள். வருஷத்துக்குப் பதின்மூன்று மாதம். பள்ளிப்பட்டு விசைத்தறித் தொழிலாளியும், திருவாலங்காடு ஆலைக்குக் கரும்பு வெட்டும் கூலியாளும் பதின்மூன்று தடவை ரீசார்ஜ் செய்யவேண்டும். ஜியோவின் 239 ரூபாய்த் திட்டம் 2024 ஜூலையில் 299 ஆயிற்று. வருஷத்துக்கு 3,887 ரூபாய்! வீட்டில் இரண்டு போன் இருந்தால் 7,774!

எப்படி வளர்ந்தது இந்தக் கம்பெனி? முதலாளியின் மூளையால் வளர்ந்தது என்று முதலாளிப் பத்திரிகைகள் பாடுகின்றன. நடந்ததைப் பாருங்கள், தோழர்களே!

2010 ஜூனில் அதிவேக இணையத்துக்கான அலைவரிசையை சர்க்கார் ஏலம் விட்டது. இன்ஃபோடெல் என்ற சின்னக் கம்பெனி சுமார் 12,848 கோடிக்கு நாடு முழுவதற்கும் எடுத்தது. ஏலம் முடிந்த சூட்டோடு அந்தக் கம்பெனியின் 95 சதவீதத்தை ரிலையன்ஸ் வாங்கிப் போட்டது. அந்த அனுமதியில் இணையம் நடத்தலாம். பேச்சுச் சேவை நடத்த முடியாது. அதனாலென்ன? 2013-ல் 1,658 கோடி கட்டி அந்த உரிமையும் கைக்கு வந்தது. அது 2001-ம் வருஷத்து விலை! பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய விலையில் நமக்கு ஒரு படி அரிசியாவது கொடுப்பார்களா?

2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ கடை திறந்தது. 2017 மார்ச் வரை எல்லாம் இலவசம். ஜனங்களுக்கு லாபம் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது, மறுக்கவில்லை. அதற்குமுன் இங்கிருந்து நகரிக்கு பஸ் ஏறினால் மாநிலம் மாறி ரோமிங் காசு போகும். அந்தத் தொல்லை ஒழிந்தது. ஆனால் மீனுக்குப் போடும் புழுவும் இலவசம்தான்! போட்டிக் கம்பெனிகள் புகார் செய்தன. 2017-ல் போட்டி ஆணையம் அதைத் தள்ளுபடி செய்தது. 2018 பிப்ரவரியில் ஏர்செல் சுருண்டது. தமிழ்நாட்டு ஜனங்கள் நம்பரைக் காப்பாற்ற அலைந்தார்கள். அதே வருஷம் அக்டோபரில் டென், ஹாத்வே என்ற இரண்டு பெரிய கேபிள் கம்பெனிகளும் ரிலையன்ஸ் பிடிக்குள் போயின. 2019-ல் வீட்டுக்கு வீடு ஃபைபர். செல்போன், கேபிள், பிராட்பேண்டு, மூன்றுக்கும் ஒரே கல்லாப்பெட்டி!

இந்த வருஷங்களில் ஜனங்களின் சொத்தான பி.எஸ்.என்.எல். என்ன செய்தது? கையைக் கட்டி ஆற்றில் இறக்கிவிட்டு நீந்தச் சொன்ன கதைதான். தனியார் 4ஜி விற்றுக்கொண்டிருக்க, அதற்கு 4ஜி அலைவரிசை தர மத்திய மந்திரிசபை 2019 அக்டோபரில்தான் முடிவெடுத்தது. 2020-ல் 4ஜி டெண்டரும் ரத்து! உள்நாட்டுக் கருவிதான் வேண்டுமாம். நல்ல கொள்கைதான். ஆனால் ஜியோ தென்கொரியாவின் சாம்சங் கருவியில் ஓடியபோது இந்த சுதேசிப் பற்று எங்கே உறங்கியது? 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் 78,000-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் 'விருப்ப ஓய்வு' என்ற பெயரில் வெளியேறினார்கள். சுதேசி 4ஜி சேவை நாடு முழுவதற்கும் தொடங்கி வைக்கப்பட்டது 2025 செப்டம்பர் 27 அன்று. ஜியோ வந்து ஒன்பது வருஷம் கழித்து!

கேபிளிலும் இதே கதை. 2007-ல் ஆரம்பித்து முடங்கிக் கிடந்த தமிழ்நாட்டின் அரசு கேபிள், 2011-ல் எழுந்து மாதம் 70 ரூபாய்க்கு டி.வி. காட்டியது. அதற்கு டிஜிட்டல் உரிமம் 2017 ஏப்ரல் வரை டெல்லியிலிருந்து வரவில்லை. தனியாருக்குத் திறந்த கதவு மாநில சர்க்காருக்கு மட்டும் ஏன் சாத்திக் கிடந்தது?

செல்போன் ஆடம்பரம் என்று இன்னும் பேசுகிற பெரிய மனிதர்கள் உண்டு. 2023 ஜனவரியில் நூறு நாள் வேலைக்கு வருகைப் பதிவையே செல்போன் செயலியில் கட்டாயமாக்கியது யார்? வேலைத்தளத்தில் சிக்னல் இல்லையென்றால் கூலிக்கு ஆபத்து என்ற நிலையை உண்டாக்கிவிட்டு, ஆடம்பரமாம்!

30 நாள் திட்டம் ஒன்றாவது வைக்கவேண்டும் என்று டிராய் 2022-ல் உத்தரவிட்டது. ஒன்று போதாது. எல்லாத் திட்டத்துக்கும் மாதம் முழு மாதமாக இருக்கட்டும். பி.எஸ்.என்.எல்.லின் 4ஜி திருத்தணி டவுனோடு நிற்காமல் பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை கிராமங்கள்வரை தடையின்றி எட்டட்டும். கோபுரத்தைப் பராமரிக்க ஆள் எடுக்கட்டும். ஒப்பந்தக் கூலிக்கல்ல, நிரந்தர வேலைக்கு!