நல்ல நேரம் பார்த்தோம், பாரம் பார்த்தோமா?

போன வாரம் எங்கள் தெருவில் ஒரு குடும்பம் வீடு காலி செய்து கொண்டு போனது. வாசலில் ஒரு டிராக்டர், பின்னால் இரண்டு சக்கர டிரெய்லர். பீரோ, கட்டில், கிரைண்டர், வாஷிங் மெஷின், மூட்டை முடிச்செல்லாம் ஆள் உயரத்துக்கு மேல் ஏற்றி, அதற்கும் மேலே இரண்டு பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள். "எந்த ஊருங்க?" என்று கேட்டேன். "ஆத்தூருங்க" என்றார் டிரைவர். வேலூரிலிருந்து ஆத்தூர்! "அந்தப் பையன்களை இறக்கி பஸ்ஸில் அனுப்புங்க" என்றேன். வீட்டுக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஒண்ணும் ஆகாதுங்க சார்" என்றார்.

அதே வார்த்தையை நானும் ஒருநாள் சொன்னவன். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது காரைக்கால். படித்தது பிரெஞ்சு மீடியம். மத்திய அரசு அலுவலகத்தில் கிளார்க் வேலை சேலத்தில் கிடைத்தது. 2009-ல் ஓய்வு பெற்றதும், மனைவியின் ஊரான பரமத்தி வேலூரில் குடியேறுவது என்று முடிவு செய்தோம். சேலத்திலிருந்து எழுபது, எழுபத்தைந்து கிலோமீட்டர். லாரிக்குக் கேட்டேன், ஆறாயிரம் என்றார்கள். ஜவ்வரிசி ஆலைக்கு மரவள்ளிக் கிழங்கு இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும் டிராக்டர் ஒன்று இருப்பதாக உறவினர் சொன்னார். இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். முப்பத்தைந்து வருடம் அரசாங்கக் காசைக் கணக்குப் பார்த்தவன் மூவாயிரத்து ஐந்நூறை விடுவேனா? "முடியாது, இரண்டாயிரம்தான்" என்று அதிலும் பேரம் பேசினேன்.

புது வீட்டில் பால் காய்ச்ச ஜோசியர் குறித்துக் கொடுத்தது விடியற்காலை முகூர்த்தம். அதற்குள் சாமான் போய்ச் சேர வேண்டும். டிராக்டரோ மெதுவாகப் போகிற வண்டி. அதனால் இரவு பத்து மணிக்குக் கிளம்பியது. டிரெய்லரின் பின்னால் ஒரு சிவப்பு விளக்குகூட இல்லை. ஏற்றியது எப்படித் தெரியுமா? பாத்திரம், படுக்கை, துணி மூட்டை முதலில் வெளியே வந்தது, அதனால் அது முன்னால் போனது. இரும்பு பீரோ இரண்டு, ஆட்டுக்கல், என் புத்தகப் பெட்டிகள் கடைசியில் வந்தன. எல்லாம் டிரெய்லரின் வால் பக்கம். "சாமான் சரியாமல் பிடிச்சுக்கோ தம்பி" என்று சொல்லி, சுமை தூக்க வந்த பையனை மேலே ஏற்றியவன் நான்தான். பத்தொன்பது வயது அவனுக்கு.

நாமக்கல் தாண்டி ஒரு பாலத்து இறக்கம். பின்னால் பஸ்ஸில் வந்த நாங்கள் பார்த்தது, சாலை ஓரத்தில் கோணலாக நின்ற டிராக்டரையும், டார்ச் வெளிச்சத்தில் படுத்துக் கிடந்த பையனையும்தான். டிரெய்லர் வாலை ஆட்டியிருக்கிறது. டிரைவர் பிரேக் போட்டிருக்கிறார். டிரெய்லர் டிராக்டரைத் தள்ளிக்கொண்டு ஒருபுறம் மடங்கியிருக்கிறது. பையன் தார் ரோட்டில் விழுந்திருக்கிறான். தொடை எலும்பு முறிந்துவிட்டது. பால் அன்று காய்ச்சவில்லை.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே பாட்டுத்தான். "கெட்ட நேரம்." "கண்ணேறு." "விதி." நானும் சில நாள் அதை நம்பி நிம்மதி தேடினேன். ஆனால் பள்ளிக்கூடத்தில் படித்தது விடவில்லை. எங்கள் பிரெஞ்சு வாத்தியார் கரும்பலகையில் எழுதுவார்: "அங் தெமி எம் வே காரே." எடையில் பாதி, வேகத்தின் வர்க்கம். எடை இரண்டு பங்கானால் ஓடும் சக்தி இரண்டு பங்கு. வேகம் இரண்டு பங்கானால் நான்கு பங்கு. அந்தச் சக்தியை எல்லாம் பிரேக் தின்றாக வேண்டும். டிராக்டர் சுமார் இரண்டு டன் எடை. அதற்குத்தான் பிரேக் உண்டு. பின்னால் மூன்று டன் டிரெய்லருக்குப் பெரும்பாலும் பிரேக்கே கிடையாது. இளைத்தவன் தலையில் கொழுத்தவனைக் கட்டிவிட்டு இறக்கத்தில் ஓட விடுகிறோம். இதில் விதி எங்கே வந்தது?

பிரெஞ்சு படித்த திமிர் என்று நினைக்க வேண்டாம். இதே பாடத்தை ஒரு எழுத்தும் படிக்காத நம் பார வண்டிக்காரர்கள் அறிந்திருந்தார்கள். முன்பாரம், பின்பாரம் என்ற சொற்களை இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். முன்பாரம் அதிகமானால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் அதிகமானால் ஏர்க்கால் மேலே தூக்கி, பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். அதனால் மூட்டையை முன்னும் பின்னும் நகர்த்தி, ஏர்க்காலைக் கையால் தூக்கிப் பார்த்து, அளவான முன்பாரம் இருந்தால்தான் வண்டி கட்டுவார்கள். டிராக்டருக்கு வலித்தால் கத்தத் தெரியாது. பின்பாரம் டிராக்டரின் பின் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கப் பார்க்கிறது, பிடிப்புப் போகிறது, டிரெய்லர் நாய் வாலாட்டுவது போல ஆட ஆரம்பிக்கிறது. மாட்டுக்கு இருந்த மரியாதை மனுஷப் பையனுக்கு இல்லாமல் போயிற்று.

என் பெரியப்பா மகன் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். துலூனிலிருந்து பாரிஸ் பக்கம் குடி மாறியபோது, எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல், தன் காருக்குப் பின்னால் 'ரெமோர்க்' என்கிற டிரெய்லரைக் கட்டித்தான் சாமான் கொண்டு போனார். ஆகவே டிரெய்லரே பாவம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அங்கே 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குத் தனியாகப் பிரேக் இருந்தே ஆக வேண்டும். கனமான பெட்டிகளை அச்சுக்கு நேர் மேலும் கொஞ்சம் முன்னாலும் வைத்ததாக அண்ணன் சொன்னார். நம் வண்டிக்காரர் சொன்னதேதான்!

நம் நாட்டில் சட்டம் இல்லையா? இருக்கிறது. விவசாய டிரெய்லர் என்பது பெரும்பாலும் விவசாயப் பொருள் ஏற்றுவதற்கு என்று விதியே விளக்கம் தருகிறது. அதிக பாரத்துக்கு, 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவு இருபதாயிரம் ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் இரண்டாயிரமும் அபராதம் சொல்கிறது. லாரியை எடைமேடையில் ஏற்றிப் பார்க்கிற அதிகாரிகள், பக்கத்திலேயே குன்று போல சாமான் ஏற்றிப் போகும் டிராக்டரைப் பார்த்தும் பார்க்காதது போல இருக்கிறார்கள். "பாவம், குடியானவன்" என்கிற இரக்கம். அந்த இரக்கம் மேலே உட்கார்ந்திருக்கும் கூலிப் பையன் மேல் ஏன் வருவதில்லை?

இன்சூரன்ஸ் கதையையும் கேளுங்கள். விவசாயத்துக்கு என்று எடுத்த பாலிசி, வாடகைக்குச் சாமான் ஏற்றினால் செல்லாது, மேலே ஆள் ஏறினாலும் செல்லாது என்று கைவிரித்துவிட்டார்கள். 2007-லேயே உச்ச நீதிமன்றம், டிராக்டர் டிரெய்லரில் போய் அடிபட்ட ஒரு மண் வேலைக் கூலித் தொழிலாளி வழக்கில், பாலிசிப்படி கம்பெனிக்குப் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டு, அவருடைய ஏழ்மையைப் பார்த்து, முதலில் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளச் சொன்னது. அவ்வளவு உயரம் போக எத்தனை பேரால் முடியும்? எங்கள் பையன் போகவில்லை. நான் இருபதாயிரம் கொடுத்தேன். டிராக்டர்காரர் கொஞ்சம் கொடுத்தார். இன்றும் அவன் காலை இழுத்துத்தான் நடக்கிறான். என்னைப் பார்த்தால் "நல்லா இருக்கீங்களா சார்?" என்று கேட்பான். எனக்குத்தான் முகம் பார்க்க முடியாது.

"ஏழைபாழைகள் லாரிக்கு எங்கே போவார்கள்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் டிராக்டர் பிடிக்கிறவர்கள் எல்லோரும் ஏழைகளா? நான் பென்ஷன்காரன். போன வார வீட்டுக்காரர் மூன்று மாடிக்குச் சொந்தக்காரர். இன்று ஊருக்கு ஊர் குட்டி யானை நிற்கிறது. ஒரு நடைக்குப் பதில் இரண்டு நடை அடிக்கலாம். இந்தியா முழுக்க லாரி அனுப்புகிற, லாரிக்குக் கூண்டு கட்டித் தருகிற நாமக்கல் மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு வண்டி கிடைக்கவில்லை என்று சொன்னால் கேட்பவர் சிரிப்பார்.

டிராக்டர்காரரையும் நான் குற்றம் சொல்ல மாட்டேன். வெறும் வண்டியாகத் திரும்பினால் டீசல் காசு நஷ்டம். கூப்பிட்டவன் நான், பேரம் பேசியவன் நான், இரவில் கிளம்பச் சொன்னவன் நான், பையனை மேலே ஏற்றியவனும் நான்.

ஆகவே வீடு மாற்றப் போகிறவர்களுக்கு இந்தக் கிழவனின் வேண்டுகோள். தூர ஊருக்கு டிராக்டர் வேண்டாம். பக்கத்துத் தெருவுக்கு வேறு வழியே இல்லை என்றால், பகலில் போங்கள். கனமானதை முதலில் வெளியே எடுத்து, அடியில், அச்சுக்குச் சற்று முன்னால் வையுங்கள். கொக்கியையும் அதன் பின்னையும் நீங்களே குனிந்து பாருங்கள். மேலே ஒருவரும் ஏறக் கூடாது. சாமான் சரியும் என்றால் இன்னொரு கயிறு வாங்குங்கள், நூறு ரூபாய்தான் ஆகும்.

பால் பொங்குவதற்கு நேரம் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதற்கு முன்னால் ஏர்க்காலை ஒருமுறை தூக்கிப் பாருங்கள்.