மறைந்தவர் பெயரும் மறையாத பணியும்

நம் நெய்வேலியில் விளக்கு எரிவதற்கு, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மண்ணில் புதைந்த மரஞ்செடிகளே காரணம். அவை மடிந்து பழுப்பு நிலக்கரியாகி, இன்று நமக்கு ஒளி தருகின்றன. அறிஞர்களின் உழைப்பும் அத்தகையதே. ஆனால், நிலக்கரிக்குப் பெயர் வேண்டுவதில்லை. உழைத்த மனிதருக்கு வேண்டும் என்பது எம் கருத்து.

இன்று கைப்பேசியிலும் கணினியிலும் தமிழைத் தடையின்றிப் படிக்கிறோம். இது தானாக வந்ததன்று. தஞ்சை மாவட்டத்து அதிராம்பட்டினத்தில் 1953-இல் பிறந்தவர் உமர் தம்பி. பார்ப்பவரின் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டாலும் இணையப் பக்கத்தில் தமிழ் தெரியும்படி, 'தேனீ' என்னும் யூனிகோடு எழுத்துருவை உருவாக்கினார். அதை விலைக்கு விற்காமல் எல்லோருக்கும் இலவசமாகவே வழங்கினார். 2006-இல் அவர் மறைந்தார். 2010-இல் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோது, தமிழ் இணைய அரங்கிற்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. பாராட்டத்தக்க செயல்தான். ஆயினும் அந்தப் பெயரைக் கேட்க அவர் இல்லையே!

பிற நாடுகளிலும் இதே கதைதான். கணிக்கும் பொறி எவ்வாறு இயங்க வேண்டும் என்று 1843-இல் விளக்கக் குறிப்புகள் எழுதி வெளியிட்டவர் இங்கிலாந்துப் பெண்மணி அடா லவ்லேஸ். 1852-இல், தம் 36-ஆம் வயதில் காலமானார். ஒரு கணினி மொழிக்கு 'அடா' என்று பெயர் கிடைத்ததோ 1979-இல்! இடையில் சென்றவை 127 ஆண்டுகள்.

அருட்சகோதரி மேரி கென்னத் கெல்லரைப் பாருங்கள். அமெரிக்காவில் கணினி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண்மணி இந்தக் கன்னியர்தான், ஆண்டு 1965. கிளார்க் கல்லூரியில் கணினித் துறையைத் தொடங்கி, ஏறத்தாழ 20 ஆண்டுகள் நடத்தினார். 1985-இல் இறைவனடி சேர்ந்தார். இன்று அவர் பெயரால் மாணவர்க்கு உதவித்தொகை வழங்கப்படுகிறது.

'இறந்தவருக்குப் பெயர் சூட்டி என்ன பயன்?' என்று சிலர் கேட்கலாம். பயன் இருப்பவர்க்கே. ஒரு கணினி மொழி பெண்ணின் பெயரைத் தாங்கி நிற்கும்போது, 'இந்தத் துறை உனக்கும் உரியது' என்று அது ஒவ்வொரு மாணவிக்கும் சொல்கிறது. ஆனால், பெயர்ப் பலகை மட்டும் போதாது. மாநாட்டு அரங்கு சில நாள்களில் கலைந்துவிடும். இலவசமாய்க் கொடுத்த எழுத்து கலையாது. சகோதரி கெல்லர் பயிற்றுவித்த மாணவியர் பெற்ற அறிவும் கலையாது. ஆகவே பணியும் பெயரும் பிரியாமல் நிற்க வேண்டும்.

அதற்கு நாம் செய்யக்கூடியது எளிதே. கணினி வகுப்பின் முதல் நாளில், பொறியைத் தொடுமுன் பத்து நிமிடம் இம்மூவரின் வரலாற்றைப் பேசுவோம். நாம் பயன்படுத்தும் தமிழ் எழுத்துருவையும் விசைப்பலகையையும் ஆக்கியவர் யார் என்று தேடிக் குறித்து வைப்போம். அவர்களுள் உயிரோடு இருப்பவர்க்கு இன்றே நன்றிக் கடிதம் எழுதுவோம். நான்கு ஆண்டுகள் கழித்துச் சூட்டும் மாலையைவிட, வாழும்போது கையில் சேரும் ஒரு தாள் கடிதம் மேலானது அல்லவா?