மலை எரிந்தால் வயல் காயும்



வத்திராயிருப்பில் நின்று மேற்கே நோக்குபவருக்கு மேற்குத் தொடர்ச்சி மலை சுவரென எழுந்து நிற்பது தெரியும். கார்த்திகையில் பசுமை போர்த்திருக்கும் அம்மலை, மாசி பிறந்ததும் வைக்கோல் நிறம் கொள்கிறது. பங்குனி, சித்திரை இரவுகளில் சில வேளை அதன் சரிவில் செந்நிறக் கோடொன்று நெளியும். தொலைவில் நிற்போர்க்கு விளக்கு வரிசை போலத் தோன்றும் அது, உண்மையில் காட்டுத்தீ.

தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியை மலையின் மறுபுறமே பெற்றுவிடுகிறது. நம் பக்கத்துச் சரிவுகள் ஐப்பசி, கார்த்திகை மழையையே பெரிதும் நம்பியிருக்கின்றன. அம்மழையில் செழித்த புல், தை மாதத்திற்குப் பின் காய்கிறது, மரங்களும் இலையுதிர்க்கின்றன. ஆகவே பிப்ரவரி முதல் மே வரை இங்கே தீக்காலம். நல்ல மழை பெய்த ஆண்டில் புல்லும் மிகுதி. அது காய்ந்தபின் தீக்கு இரையும் மிகுதி என்பதை மறத்தலாகாது.

அந்த இரைக்கு நெருப்பிடுவது பெரும்பாலும் மனிதர் கையே. அணையாத பீடித்துண்டு, சமைத்த பின் கனன்று கிடக்கும் அடுப்பு, புதுப்புல் முளைக்கட்டும் என்று வைக்கும் தீ, இவையே காரணங்கள். சமவெளியைவிட மேட்டுச் சரிவில் தீ விரைந்து ஏறும். கீழே எரியும் அனல் மேலுள்ள புல்லை முன்னதாகவே உலர்த்திவிடுகிறது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் நடைப்பயணம் சென்றோரை இத்தகைய தீயே சூழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

இன்று விண்ணிலிருந்தும் காவல் நடக்கிறது. செயற்கைக்கோள்கள் நிலத்தின் வெப்பத்தை அளந்து செல்கின்றன. டேராடூனிலுள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் அவ்விவரங்களைக் கொண்டு வனத்துறையினருக்கு எச்சரிக்கை அனுப்புகிறது. பொதுமக்களும் பதிவு செய்துகொண்டு அதனைப் பெறலாம். எனினும் கோளின் கண்ணுக்கும் எல்லை உண்டு. ஏறத்தாழ 375 மீட்டர் அளவுள்ள கட்டத்தில் வெப்பம் மிகுந்திருப்பதை அது சொல்லும். தீயின் சரியான முனையைக் காட்டாது. கோள் கடந்து சென்றபின் மூளும் தீ, அடுத்த முறை அது வரும்வரை மறைந்தே இருக்கும். அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியவை அடிவாரத்து மக்களின் கண்களே. இறுதியில் பச்சைத் தழைக்கொத்துடன் மலையேறி அடித்து அணைப்பவரும் மனிதரே.

1988-இல் சாம்பல் நிற அணிலுக்கெனச் சரணாலயமாகி, 2021-இல் திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தில் அடங்கிய காடு இது. பிளவக்கல்லின் பெரியாறு, கோவிலாறு அணைகளுக்கு நீர் தருவதும் இம்மலையே. புல்லும் சருகும் எரிந்து மண் வெறுமையானால், மழைநீர் ஊறாமல் மண்ணை அரித்துக்கொண்டு ஓடும். அணையில் வண்டல் சேரும். கோடையில் ஓடை வற்றும். அதன் விலையை நம் நெல்வயலும் தென்னந்தோப்பும் கொடுக்க நேரும்.

ஆகவே சதுரகிரிக்குச் செல்வோரும் மாடு மேய்ப்போரும் தீப்பெட்டியை வீட்டிலேயே வைத்துச் செல்க. மலையில் புகை கண்டால், வேறெவரேனும் சொல்லியிருப்பார் என்றிராமல், வனத்துறைக்கோ தீயணைப்பு நிலையத்திற்கோ உடனே தெரிவியுங்கள். சிறு தீயைச் சிலரே அணைத்துவிடலாம். சரிவேறிய தீயை ஊரே திரண்டாலும் அணைப்பது அரிது.